மணலைத் தொடும் நான்கு இடங்கள்

பாலைவனத்துக்கும் மலைக்காட்டுக்கும் போய்த் தங்கி வரலாம் என்று ஒரு நான்கு சக்கர இயக்க வேனை வாங்குகிறவர்கள், முதலில் செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற வேலைகளைத்தான். வண்டியைச் சில அங்குலம் தூக்குவார்கள். கூரை மேல் இரும்புச் சட்டம், அதன் மேல் மடக்குக் கூடாரம், முன்னால் கனத்த பம்பர், அதில் வரிசையாக விளக்குகள் வந்து சேரும். படத்தில் வண்டி கம்பீரமாக இருக்கும். ஆனால் இளகிய மணலில் அது நகருமா நின்றுவிடுமா என்பது இவற்றின் கையில் இல்லை. நான்கு டயர்களும் தரையைத் தொடும் நான்கு சிறிய பரப்புகள்தான் அதை முடிவு செய்கின்றன. இன்ஜின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதன் வேலை முழுவதும் அந்தப் பரப்புகளின் வழியாகத்தான் மண்ணுக்குப் போயாக வேண்டும். வேனில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த இடங்களுக்கு அது நல்லது செய்கிறதா, கெடுதல் செய்கிறதா என்று பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு வண்டியை வைத்தே இதைப் பேசிவிடலாம். ஃபோக்ஸ்வாகன் டி3 சிங்க்ரோ. 1970-களில் ஃபோக்ஸ்வாகனின் வேன் வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்த குஸ்டாவ் மையரும், சகாரா பயணத்தில் ஆர்வம் கொண்ட பொறியாளர் ஹென்னிங் டக்ஸ்டைனும் அன்றைய வேனில் முன் சக்கரங்களுக்கும் இயக்கம் கொடுத்து, அதைப் பாலைவன மணலில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த முயற்சி அப்படியே விற்பனைக்கு வரவில்லை. அடுத்த தலைமுறையான டி3 வேனில், 1985-ல்தான் சிங்க்ரோ பிறந்தது. உடற்கூடு ஜெர்மனியின் ஹானோவரில் உருவாகும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டையர்-டைம்லர்-புக் தொழிற்சாலையில் முழு வண்டியாகும். 1992 வரை அங்கே தயாரானது. அமெரிக்காவில் 'வேனகன்' என்ற பெயரில் விற்றது. அதன் கூரை மேலெழும் படுக்கை வகையான வெஸ்ட்ஃபாலியா வேன்கள் யூட்டாவின் செம்மண் பாதைகளிலும் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முப்பது வயதைத் தாண்டிய இந்த வேனை இத்தனை பேர் பிரித்து மேய்ந்து திருத்தி ஓட்டுவதற்குக் காரணம், அதன் அடியில் இருக்கும் இயந்திர அமைப்பு அவ்வளவு சிந்தித்துச் செய்யப்பட்டது என்பதே.

முதலில் டிஃபரன்ஷியலைப் பார்த்துவிடுவோம். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தேய்த்துக்கொண்டுதான் திரும்பும். ஆக்சிலின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல், இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கிறது. அதற்கு அது வாங்கும் விலை ஒன்று உண்டு. இரு பக்கத்துக்கும் அது எப்போதும் சமமான முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றிலோ அந்தரத்திலோ இருந்தால் அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. அந்த 'ஏறக்குறைய ஒன்றுமில்லாத' விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் போகும். ஒன்று வெறுமனே சுற்றும், மற்றது அசையாது. நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் இருந்தும், மூன்று சாதாரண டிஃபரன்ஷியல்கள் உள்ள வண்டி ஒரே ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கியதற்காக நின்றுபோவது இதனால்தான்.

சிங்க்ரோவில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியலே கிடையாது. இன்ஜின் பின்னால் இருக்கிறது. பின் சக்கரங்களை அது நேரடியாகத் தள்ளுகிறது. அங்கிருந்து ஒரு நீளத் தண்டு முன்னால் வந்து, முன் டிஃபரன்ஷியலோடு சேர்ந்திருக்கும் ஒரு மூடிய உருளைக்குள் நுழைகிறது. அதுதான் விஸ்கஸ் கப்ளிங் எனப்படும் பாகுப் பிணைப்பு. உருளைக்குள் துளையிட்ட மெல்லிய எஃகுத் தட்டுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று விட்டு ஒன்றாக, பாதித் தட்டுகள் உள் தண்டோடும் மீதித் தட்டுகள் வெளிக்கூட்டோடும் சேர்ந்து சுழலும். அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. இடைவெளியில் கெட்டியான சிலிக்கோன் எண்ணெயும், வேண்டுமென்றே விடப்பட்ட கொஞ்சம் காற்றும் இருக்கும். அல்வாப் பாகில் கரண்டியை மெல்ல ஓட்டினால் கை சுலபமாகப் போகிறது, வேகமாகக் கிண்டினால் மணிக்கட்டு வலிக்கிறது. இங்கே நடப்பதும் அதுதான். சாதாரண வளைவில் முன்பக்கமும் பின்பக்கமும் சுழலும் வேகத்தில் சிறு வித்தியாசமே இருக்கும். எண்ணெய் அதைக் கண்டுகொள்ளாது. பின் சக்கரங்கள் மணலில் வழுக்கிச் சுழலத் தொடங்கினால் வித்தியாசம் பெருகும், எண்ணெய் எதிர்க்கும், அந்த எதிர்ப்பே முறுக்கு விசையாக முன் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும். ஓட்டுநர் எந்தக் குமிழையும் தொட வேண்டியதில்லை. சென்சாரும் கணினியும் இல்லாமல் ஒரு திரவத்தின் குணமே தீர்ப்புச் சொல்கிறது.

இதைவிட அழகான விஷயம் அடுத்து வருகிறது. நெடுநேரம் வழுக்கினால் எண்ணெய் சூடாகும். சூடானால் திரவம் இளகி விசை குறைந்துவிடும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஓரளவு வரை அப்படித்தான் நடக்கிறது. ஆனால் எண்ணெய் விரிவடைந்துகொண்டே போய், உள்ளே விட்டிருந்த காற்றை நசுக்கிவிடும்போது உருளைக்குள் அழுத்தம் திடீரென்று எகிறுகிறது. தட்டுகள் ஒன்றோடொன்று அழுந்துகின்றன. பிணைப்பு ஏறக்குறைய இறுகிய தண்டாகிவிடுகிறது. முன் சக்கரங்கள் முழு வலுவோடு இழுக்கும், வண்டி வெளியே வரும், வழுக்கல் நிற்கும், எண்ணெய் ஆறும், பிணைப்பு பழைய நிலைக்குத் திரும்பும். வெந்து கெட்டுப்போகவிருந்த கருவி, அந்த வெப்பத்தை வைத்தே தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இந்தத் தொழில்நுட்பத்தைக் கார்களுக்கு ஏற்றபடி வளர்த்தவர்களில் முதன்மையானவர்கள் இங்கிலாந்தின் ஃபெர்குசன் ஆய்வுக் குழுவினர்.

மாற்றங்கள் செய்ய நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பிணைப்பின் பலவீனத்தை. நான்கு டயர்களின் சுற்றளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. புது டயருக்கும் பாதி தேய்ந்த டயருக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் ரப்பர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 33 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் அது 1 சதவீதத்துக்குச் சற்று மேல். பின்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டு 100 கி.மீ. வேகத்தில் நெடுஞ்சாலையில் போனால், முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நிமிடத்துக்குச் சுமார் பத்துச் சுற்று கூடுதலாகச் சுழலும். நீளத் தண்டு சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால் பிணைப்புக்குள் இந்த வித்தியாசமும் அதே மடங்கில் பெருகும். வண்டி நேராகப் போகும்போதுகூட எண்ணெய் ஓயாமல் கடையப்படுகிறது. இப்படி வருடக்கணக்கில் உழைத்த பிணைப்பு நாளடைவில் இறுகிப்போகிறது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, காய்ந்த தார்த் தரையில் மெல்ல வட்டமடித்துப் பாருங்கள். யாரோ பிரேக்கில் கால் வைத்தாற்போல வண்டி தயங்கினால் பிணைப்பு முதுமையடைந்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு உயரமான ஸ்பிரிங்குக்குச் செலவழித்தால், கொஞ்ச நாளில் கியர்ப்பெட்டிக்கும் செலவழிக்க வேண்டிவரும். எந்த அலங்காரத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. ஒரே வகை, ஒரே தேய்மானமுள்ள நான்கு டயர்கள். அவற்றை முறைவைத்து முன்பின்னாக மாற்றிப் போடும் ஒழுக்கம்.

பாகுப் பிணைப்பு முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே மட்டும்தான் பங்கு பிரிக்கும். இடம், வலம் என்று வந்தால் பழைய டிஃபரன்ஷியல் சிக்கல் அப்படியே இருக்கிறது. அதற்குத்தான் பூட்டு. பல சிங்க்ரோக்களில் டேஷ்போர்டிலுள்ள குமிழை இழுத்தால் வெற்றிட விசையால் பின் டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும். சில வண்டிகளில் முன்பக்கத்துக்கும் உண்டு. 'ஜி' என்று குறித்த மிகத் தாழ்ந்த கியர் ஒன்றும் இருக்கிறது. பூட்டு விழுந்துவிட்டால், ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தாலும் மற்றது தள்ளும். நான் ஒருவருக்குப் பட்டியல் போட்டுக் கொடுப்பதாக இருந்தால், பின் பூட்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பதை உயரத்துக்கும் விளக்குக்கும் வெகு மேலே எழுதுவேன்.

இனி காற்று. செலவே இல்லாத இந்த மாற்றம் மற்ற எல்லா மாற்றங்களையும் தோற்கடிக்கக்கூடியது. கணக்கு எளியது. சாமான்களோடு 2,400 கிலோ உள்ள வேனில் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 600 கிலோ தாங்குகிறது. டயருக்குள் 40 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அந்தச் சுமையைத் தாங்கத் தேவையான பரப்பு சுமார் 210 சதுர செ.மீ. காற்றை 20-க்கு இறக்கினால் அது இரட்டிப்பாகி 420-ஐத் தாண்டுகிறது. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் உண்மையில் இவ்வளவு துல்லியமாக வராது. ஆனால் போக்கு இதுதான். கூடும் பரப்பில் பெரும்பகுதி நீளவாக்கில் கூடுகிறது, அகலவாக்கில் கொஞ்சம்தான். மணலில் இந்த நீளம்தான் காரியம். முழுக் காற்றோடு போகும் டயர் குறுகலான ஆழமான பள்ளத்தை வெட்டிக்கொண்டு போகும். அதன் இரு கரைகளும் சரிந்து விழும். தனக்கு முன்னால் தானே ஒரு மணல் மேட்டை எழுப்பி, அதில் ஏற முயன்றுகொண்டே இருக்கும். எரிபொருளெல்லாம் அந்த மேட்டிலேயே போய்விடும். காற்று இறக்கிய டயரின் தடத்தைக் குனிந்து பார்த்தால், ஆழம் குறைவாக, பட்டன்களின் அச்சு ஒவ்வொன்றும் விளிம்பு கலையாமல் பதிந்திருக்கும். மணல் கலையவில்லை, அமுங்கியிருக்கிறது. அமுங்கிய மணல்தான் வண்டியைத் தள்ள எதிர்விசை கொடுக்கும்.

இதை அனுபவத்தில் கண்டவர்களில் மறக்கக் கூடாத பெயர் ரால்ஃப் பேக்னால்ட். எகிப்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1920-களின் கடைசியிலும் 1930-களின் தொடக்கத்திலும் சாதாரண ஃபோர்டு கார்களை வைத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்தின் மணற்கடலில் புகுந்து வெளியே வந்தவர். நான்கு சக்கர இயக்கமே இல்லாத வண்டிகள் அவை. டயரில் காற்றை இறக்கினார். வண்டியிலிருந்து தேவையற்றதைக் கழற்றி எறிந்தார். கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் கிடைத்த, பதுங்குகுழிக் கூரைக்காகச் செய்யப்பட்ட எஃகுப் பட்டைகளை, புதைந்த சக்கரத்துக்கு முன்னால் போட்டு மேலேற்றினார். இன்று பிளாஸ்டிக்கில் விற்கும் மீட்புப் பலகைகளுக்கு மூதாதை அதுதான். ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் நீராவியை ஒரு குழாய் வழியே தண்ணீர் டப்பாவுக்குள் விட்டுக் குளிரவைத்து, மறுபடி ரேடியேட்டருக்கே திருப்பினார். 1940-ல் பிரிட்டனின் நெடுந்தொலைவுப் பாலைவனப் படைப்பிரிவை நிறுவியவரும் அவரே. மணல் எப்படி நகர்கிறது, எப்படிக் குன்றாகிறது என்று அவர் 1941-ல் வெளியிட்ட நூல், செவ்வாய்க் கோளின் மணற்குன்றுகளை ஆராய்பவர்களுக்கும் அடிப்படையாக இருக்கிறது. ஆடம்பரம் ஒன்றும் இல்லாமல், மண்ணின் இயல்பைப் படித்தே வண்டி ஓட்டிய மனிதர் அவர்.

காற்றை இறக்கியவர் திரும்ப அடிக்க ஒரு பம்பு கட்டாயம் வைத்திருக்க வேண்டும். தளர்ந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது, அந்த வேலை ரப்பருக்குள் வெப்பமாகத் தங்குகிறது. மணலில் 20 கி.மீ. வேகத்தில் அது ஒன்றும் செய்யாது. அதே டயரோடு தார்ச்சாலையில் 90-ல் போனால் உள்ளடுக்குகள் பிரிந்து வெடிக்கும். கூரான பாறை உள்ள இடங்களில் அதிகம் இறக்கினால் பக்கச்சுவர் கிழியும். மணலுக்கு ஒரு காற்று, கல்லுக்கு ஒரு காற்று, தாருக்கு ஒரு காற்று.

உயரத்துக்கு வருவோம். அது வீண் என்று நான் சொல்லவில்லை. இரு ஆக்சில்களுக்கு நடுவே இருக்கும் தூரம் சிங்க்ரோவில் சுமார் 2.46 மீட்டர். அடிவயிறு தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருந்தால், நடுவில் இடிக்காமல் கடக்கக்கூடிய மேட்டின் கோணம் 18 டிகிரியைச் சற்றுத் தாண்டும். இன்னும் 5 செ.மீ. தூக்கினால் 23 ஆகிறது. கணிசமான லாபம்தான். ஆக்சில் இடைவெளி 3.66 மீட்டராக உள்ள இன்றைய மெர்சிடஸ் ஸ்ப்ரின்டர் வேனுக்கு அதே 20 செ.மீ. உயரத்தில் பன்னிரண்டரை டிகிரிதான் கிடைக்கிறது. நீளம் வசதி தரும், மேட்டில் வயிற்றைத் தட்டும்.

ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் உயரமாக்கி வண்டியைத் தூக்கும்போது சக்கரம் கீழே தொங்கக்கூடிய எல்லை மாறுவதில்லை. பாதி வழி ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும். பள்ளத்தில் இறங்க வேண்டிய சக்கரம் எட்டாமல் அந்தரத்தில் நிற்கும். தரையைத் தொடும் நான்கு இடங்களில் ஒன்று காணாமல் போகிறது. கூடவே, சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டுகளின் இரு முனையிலும் உள்ள சிவி ஜாயின்ட்டுகள் எப்போதும் வளைந்த கோணத்திலேயே சுழலும். அவற்றின் உள்ளே இருக்கும் குண்டுகள் அதிக தூரம் உரசி ஓடி, கிரீஸைச் சூடாக்கித் தேய்கின்றன. உயரத்தைக் கூட்டுகிறவர் ஷாக் அப்சார்பரின் நீளத்தையும் அதோடு சேர்த்துச் சிந்திக்க வேண்டும்.

கூரைச் சுமைதான் உண்மையான விரோதி. 2,300 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் 80 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2.1 மீட்டர் உயரக் கூரையில் 100 கிலோ ஏற்றினால் அந்த மையம் ஐந்து செ.மீ.க்கு மேல் ஏறிவிடுகிறது. வண்டியைத் தூக்கினாலும் மையம் இப்படி ஏறும், ஆனால் அங்கே அடியில் இடமாவது கிடைக்கிறது. இங்கே அதே ஆபத்தை விலை கொடுத்து வாங்கி, பதிலுக்கு ஒன்றும் பெறுவதில்லை. பக்கச் சரிவில் சுமையெல்லாம் தாழ்ந்த பக்கச் சக்கரங்களுக்குப் போகும். மேல்பக்கச் சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். தண்ணீர், பேட்டரி, கருவிப்பெட்டி எல்லாம் தரையோடு தரையாக, இரு ஆக்சில்களுக்கும் நடுவே இருப்பதுதான் முறை. கூரைக்கு ஒரு சுருட்டிய பாயின் எடை போதும்.

மண்பாதைகளில் வரும் வரிவரியான அலைகளையும் சொல்லியாக வேண்டும். 2007-ல் நிக்கோலா தாபெர்லே, ஸ்டீபன் மாரிஸ், ஜிம் மெக்கெல்வெய்ன் ஆகிய மூவர் சுழலும் மணல் மேடையில் ஒரு சக்கரத்தை உருட்டி இதை ஆராய்ந்தார்கள். ஸ்பிரிங்கே இல்லாத சக்கரமும் அலைகளை உண்டாக்கியது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அவை எழுந்தன. அதற்குக் கீழே மணல் சமமாகவே கிடந்தது. அந்த எல்லை வேகம் யாரும் பொறுமையாக ஓட்டச் சம்மதிக்காத அளவு குறைவு. ஆகவே பாதை இருக்கும் வரை அலையும் இருக்கும். அதன் மேல் ஓடும் வேனில் ஷாக் அப்சார்பர் ஒவ்வொரு அதிர்வையும் வெப்பமாக மாற்றிக்கொண்டே போகிறது. எண்ணெய் கொதித்து நுரைத்தால் அது வெறும் குழாய்தான். உள்ளே ஸ்க்ரூ போட்டு நிறுத்திய மர அலமாரிகளெல்லாம் கழன்று வரும். இங்கேயும் டயரில் கொஞ்சம் காற்று இறக்குவதே முதல் மருந்து.

தங்குகிற வசதிகளில் மின்சாரம் சுலபமாகிவிட்டது. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, அதே அளவு ஈய பேட்டரியின் பாதி எடைகூட இருக்காது. சேமித்ததில் பெரும்பகுதியைப் பயன்படுத்தவும் முடியும். இந்த எடைக் குறைவே எனக்கு அதன் முதல் தகுதி. உறைநிலைக்குக் கீழே மட்டும் அதில் சார்ஜ் ஏற்றக் கூடாது. குளிரில் லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும்.

சுலபமாகாத விஷயம் ஈரம். தூங்குகிற மனிதர் மூச்சிலும் வியர்வையிலும் இரவு முழுக்க நீராவி விட்டுக்கொண்டே இருக்கிறார். உள்ளேயே புரோப்பேன் அடுப்பைப் பற்றவைத்தால், எரியும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் பிறக்கிறது. ஹைட்ரஜன் எரிந்தால் நீர்தானே. மூடிய வேனில் அடுப்பு கார்பன் மோனாக்சைடையும் விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எச்சரிக்கைக் கருவி இல்லாமல் யாரும் உள்ளே தூங்கக் கூடாது. நீராவி, குளிர்ந்த தகரத்தில் பனித்து, மர உறைக்குப் பின்னால் வழிந்து, தகடுகள் ஒட்டும் மடிப்புகளில் தேங்கும். டி3 வேன்கள் பழுதாகும் பிரசித்தமான இடமே அந்த மடிப்புகள்தான். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே துரு வெகுதூரம் போயிருக்கும். சுவருக்குள் பஞ்சு அடைப்பதைவிட, கீழே ஒரு திறப்பும் கூரையில் ஒரு சிறு விசிறியும் வைத்துக் காற்றை ஓடவிடுவது அந்தத் தகட்டுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

எல்லா வேலையும் முடிந்த பிறகு, தண்ணீரும் சாமானும் ஆட்களும் நிறைந்த வேனை ஒரு எடைமேடைக்கு ஓட்டிப் போங்கள். முதலில் முன் ஆக்சில் மட்டும், பிறகு முழு வண்டி. கழித்தால் பின் ஆக்சிலின் பாரம் தெரியும். தயாரிப்பாளர் அனுமதித்த எடையைத் தாண்டியிருந்தால் ஏற்றியதில் எதையாவது இறக்கியே ஆக வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. தாண்டாவிட்டால், அந்த இரண்டு எண்களையும் டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையோடு ஒப்பிட்டு, முன்னுக்கு எவ்வளவு காற்று, பின்னுக்கு எவ்வளவு என்று முடிவு செய்து, ஓட்டுநர் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். மணலுக்கு இறக்கும்போது கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.